உதடு ஒட்டாத ஃபோ

பாரிஸ் 13ஆம் வட்டாரத்தில், போர்த் திவ்ரி மெட்ரோவிலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கிறது அந்த ஃபோ கடை. ஃபோ என்றால் வியட்நாமின் நூடுல்ஸ் சாறு. பெயர் வேண்டாம். மூன்று முறை போனேன், மூன்று முறையும் பாதிக் கிண்ணத்தை வைத்துவிட்டு எழுந்தேன்.

முதல் தடவை சாற்றில் சூடில்லை. பச்சை இறைச்சிச் சீவல் போட்டது கேட்டிருந்தேன். கொதிக்கும் சாறு மேலே விழுந்ததும் சிவப்பு வெளிறி, ஓரம் லேசாகச் சுருள வேண்டும். இவையோ கடைசிவரை அறுத்த சிவப்போடே மிதந்தன. இரண்டாம் தடவை சூடு இருந்தது. ஆனால் பாயசத்துக்குப் போடுகிற அளவுக்குத் தித்திப்பு, அதற்கு மேல் அன்னாசிப்பூவின் அதட்டல். வெந்நீரில் ஒரு முக்கு முக்கி உதறாத அரிசி நூடுல்ஸ் அடியில் கட்டியாகக் கிடந்தது. மூன்றாம் தடவை போனது என் சபலம். ஞாயிற்றுக்கிழமை, மழை வேறு. மார்புக் கறி, தசைநார், மாட்டிறைச்சி உருண்டை எல்லாம் சேர்ந்த பெரிய கிண்ணம் வந்தது. இறைச்சி நன்றாகத்தான் இருந்தது. எனக்குக் கோபமே அதில்தான். கறிக்குக் காசைக் கொட்டியவர்கள் பானைக்கு நேரம் கொடுக்கவில்லை. ஸ்பூனால் நாலு வாய் குடித்துவிட்டு உதட்டைச் சேர்த்துப் பார்த்தேன். ஒட்டவில்லை.

இந்த உதட்டுக் கணக்கு எனக்குப் புதுச்சேரியில் வந்தது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் பணியாற்றி, சைகோனிலிருந்து திரும்பிய ஒருவரின் மனைவி, வியட்நாம்காரர். தெருவே அவரை சைகோன் அத்தை என்றது. அவர் சுருட்டிப் பொரித்த சாயோவைத் தின்னாத வீடு அந்தத் தெருவில் இல்லை. ஃபோ மட்டும் எப்போதாவதுதான். தொடையெலும்பை ஒரு கொதி விட்டு, நுரையோடு அந்தத் தண்ணீரை அப்படியே சாக்கடையில் கொட்டுவார். "சத்தெல்லாம் போச்சே" என்று பக்கத்து வீட்டுப் பாட்டி ஒவ்வொரு முறையும் வருத்தப்படுவார். பிறகு அத்தை எலும்பைக் கழுவிப் புதுத் தண்ணீரில் ஏற்றுவார். இஞ்சியையும் சின்ன வெங்காயத்தையும் கரியடுப்பில் தோல் கருகச் சுட்டு, கருகலைச் சுரண்டிவிட்டுப் போடுவார். பட்டை, கிராம்பு, அன்னாசிப்பூ, ஒரு பெரிய ஏலக்காய், இவை ஒரு சின்னத் துணி முடிச்சில் இறங்கும். சாறு இறங்குவதற்கு வெகுநேரம் முன்பே முடிச்சு வெளியே வந்துவிடும். வாசனை வந்துபோன விருந்தாளியாக இருக்க வேண்டும், தங்கிவிடக் கூடாது.

அதன் பிறகு தீதான். காலையில் ஏற்றிய பானை, ராத்திரி சாப்பாட்டுக்கு இறங்கும். நாலைந்து குமிழிக்கு மேல் எழக்கூடாது. தளதளவென்று கொதித்தால் கொழுப்பு உடைந்து சாற்றில் கலந்துவிடும், அப்புறம் கலங்கல்தான். மெதுவாக வெந்தால் எலும்பிலும் நரம்பிலும் உள்ள பசை முழுக்க இறங்கும், சாறும் தெளிவாகவே நிற்கும். முதல் கரண்டியை ஊற்றிக் கொடுத்துவிட்டு அத்தை என் வாயையே பார்ப்பார். "ஒட்டுதா தம்பி?" ஒட்டினால் மட்டும் மற்றவர்களுக்குப் பரிமாறுவார்.

ஹனோய்க் கட்சிக்காரர்கள் என்னை ஏற்க மாட்டார்கள். அவர்களுக்கு வெங்காயத்தாள், பூண்டு ஊறிய வினிகர், கொஞ்சம் மிளகாய், அவ்வளவுதான். 1954இல் வியட்நாம் பிளந்து வடக்கத்தியர் தெற்கே பெயர்ந்தபோது ஃபோவும் சைகோனில் வேரூன்றியது. அங்கே திருநீற்றுப்பச்சிலையும் முளைப்பயறும் தட்டில் வந்து சேர்ந்தன. நான் சைகோன் அத்தையிடம் சாப்பிட்டவன், இலைகள் இல்லாமல் எனக்கு முடியாது. ஆனால் ஒரு வாய் குடித்துப் பார்க்கும் முன்பே கறுப்பு ஹோய்சின் சாஸையும் சிவப்பு மிளகாய் சாஸையும் பீய்ச்சுகிறவர்களைக் கண்டால், நான் ஹனோய்க் கட்சிக்கு மாறிவிடுகிறேன். தெளிந்த ரசத்தில் குழம்பை ஊற்றுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

கூட வந்த நண்பர், "இந்த விலைக்கு இதுவே அதிகம்" என்றார். ஃபோவில் மலிவான சரக்கே எலும்புதான். வடக்கே பிரெஞ்சுக்காரர்களின் மாட்டிறைச்சிப் பசிக்குப் பின் மிஞ்சிய எலும்பில் வளர்ந்த உணவு என்று பலர் சொல்வார்கள். ஏழ்மையை இதற்குச் சாக்காக்க முடியாது. போர்க்காலத்து ஹனோயில், அரசுக் கடைகளில் கறியே இல்லாத ஃபோ கிடைத்தது. வானத்தில் பறந்த அமெரிக்க ஆளில்லா வேவு விமானங்களை நினைத்து அதற்கு 'விமானி இல்லாத ஃபோ' என்று ஊர் பெயர் வைத்தது. போர்த் திவ்ரிக் கடையில் விமானி இருக்கிறார். விமானத்தைத்தான் காணோம்.

அந்தக் கடையின் உணவுப் பட்டியல் பதினொரு பக்கம். தாய்லாந்துக் குழம்பு இருக்கிறது, சீன வறுவல் இருக்கிறது, கடைசிப் பக்கத்தில் சூஷியும் இருக்கிறது. இத்தனைக்கும் நடுவில் ஒரு பானைக்குக் காவல் இருக்க யாருக்கு நேரம்? ஹனோயின் பாத் தான் தெருவில் ஒரு கடை உண்டு. வரிசையில் நின்று, காசு கொடுத்து, கிண்ணத்தை நாமே மேசைக்குத் தூக்கிப் போக வேண்டும். உபசாரம் என்ற பேச்சே இல்லை. அங்கே விற்பது ஃபோ மட்டும்தான்.

அதே வட்டாரத்து ஷுவாசி அவென்யூ பக்கம் போனால் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் படங்களைப் பார்க்காதீர்கள். வாசலில் நின்று மூச்சை இழுங்கள். சுட்ட இஞ்சி மணம் வந்தால் உள்ளே போங்கள். முதல் தடவை பச்சைச் சீவல் வேண்டாம், வெந்த கறி போட்டதைக் கேளுங்கள். எந்த சாஸையும் தொடாமல் நாலு வாய் குடித்துவிட்டு, உதட்டைச் சேர்த்துப் பாருங்கள்.