ஆர்.பி.எம். முள் அசையவே இல்லை!

ஐடிலிங்கில் ஓடிக்கொண்டிருந்த கார் சட்டென்று நிற்கிறது. மறுபடி சாவியைத் திருகினால் கிளம்ப மறுக்கிறது. கேட்டதும் உங்களுக்கு வயிற்றைக் கலக்கும். எனக்கு நாக்கில் எச்சில் ஊறும்! வெட்கமில்லாமல் சொல்கிறேன்: கார் வைத்திருப்பதில் உள்ள பெரிய சுகம், அது ஏன் நின்றது என்று கண்டுபிடிப்பதுதான். ஓட்டுவதெல்லாம் அதற்கு அப்புறம். அதிலும் 'ஐடிலிங்கில் நின்றது, திரும்பக் கிளம்பவில்லை' என்பது கோளாறுகளுக்கெல்லாம் ராஜா. அந்த ஒரு வரிக்குள் இரண்டு சாட்சியங்கள் இருக்கின்றன. இரண்டுக்கும் ஒத்துப்போகிற காரணங்களோ மிகக் குறைவு.

ஐடிலிங்கில் நின்றுவிட்டு, சாவி போட்டதும் கிளம்பிவிடுகிற வண்டிக்குப் பெரும்பாலும் அழுக்குதான் வியாதி. திராட்டில் பாடியில் கரி படிந்திருக்கும். அல்லது ஐடிலிங் காற்றை அளந்துவிடும் வால்வு சிக்கியிருக்கும். ஸ்பிரே அடித்துத் துடைத்தால் தீர்ந்தது; சுவாரசியம் கம்மி. ஏற்றத்தில் இழுக்காமல் திணறித் திணறி நிற்கிறதா, பெட்ரோல் பம்ப்பையோ ஃபில்டரையோ பாருங்கள். ஆனால் ஏற்றம் முழுக்க ஜம்மென்று ஏறிவிட்டு, மேலே போய்ச் சும்மா நிற்கும்போது உயிரை விட்டு, அப்புறம் எழுந்திருக்கவே மாட்டேன் என்றால்? அடடா, அதுதான் விருந்து!

எங்கள் பழைய பெட்ரோல் கார் அந்த விருந்தைக் கொல்லிமலையில் வைத்தது. காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். கோடை நடுப்பகல். பாதிக்கு மேல் இரண்டாவது கியர்தான். வண்டி ஒரு இடத்திலும் முனகவில்லை. செம்மேட்டில் கடையோரம் நிறுத்தினேன். மனைவி மிளகும் மலைவாழைப்பழமும் வாங்க இறங்கினாள். ஏ.சி.யை அணைக்க மனமில்லாமல் நான் உள்ளேயே இருந்தேன். கம்ப்ரஸர் 'டக்'கென்று பிடித்தது. இன்ஜின் போய்விட்டது.

போன விதத்தைக் கவனியுங்கள். உதறல் இல்லை, மிஸ்ஸிங் இல்லை, இருமல் இல்லை. யாரோ சாவியை அணைத்ததுபோல் நின்றது. பெட்ரோல் தட்டுப்பாட்டில் நிற்கிற இன்ஜின் பெரும்பாலும் அப்படி நிற்காது. கொஞ்சம் தள்ளாடும், ஒன்றிரண்டு முறை சமாளித்துப் பார்க்கும். சத்தமில்லாமல் பட்டென்று போனால் முதலில் கரண்ட் பக்கம் திரும்ப வேண்டும்.

செல்ஃப் அடித்தேன். மோட்டார் பலமாகச் சுற்றியது. பேட்டரி மேல் சந்தேகம் போயிற்று. சுற்றும் சத்தத்தில் ஏற்ற இறக்கத்தோடு தாளம் இருந்தது. அப்படியென்றால் கம்ப்ரஷன் இருக்கிறது. டைமிங் பெல்ட் அறுந்திருந்தால் அந்தத் தாளம் போய், எதிர்ப்பே இல்லாமல் 'விர்ர்' என்று வழுக்கிக்கொண்டு சுற்றும். டேஷ்போர்டில் சாவிப் படம் போட்ட இம்மொபிலைசர் விளக்கு மின்னாமல் அணைந்துவிட்டது. திருட்டுத் தடுப்பும் குற்றவாளி இல்லை. இத்தனையும் சீட்டைவிட்டு எழாமல், ஒரு திருகாணியைக்கூடத் தொடாமல்! இந்த வித்தைக்கு நான் அடிமை.

அதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. "பெட்ரோல் இருக்குதுங்களா சார்?" என்றார் ஒருவர். "ஓவர் ஹீட்டுங்க, ஈரத்துணி போடுங்க" என்றார் ஒரு பெரியவர். டெம்பரேச்சர் முள் நடுவில்தான் இருந்தது. ஆனால் பெரியவர் சொன்னதைச் சிரித்துத் தள்ளக் கூடாது. கார்புரேட்டர் காலத்து அம்பாசிடரும் பத்மினியும் மலை ஏறும்போது பெட்ரோல் சூட்டில் ஆவியாகிக் குழாயை அடைத்துக்கொள்ளும். பெட்ரோல் பம்ப் மேல் ஈரத்துணி போடுவதுதான் அன்றைய வைத்தியம். இன்றைய இஞ்செக்‌ஷன் கார்களில் பம்ப் டேங்குக்குள்ளேயே மூழ்கிக் கிடக்கிறது, லைனில் சுமார் 3 பார் அழுத்தம் நிற்கிறது. அந்த வியாதி அநேகமாகப் போய்விட்டது. ஆனால் அந்த ஈரத்துணி வைத்தியம் அன்று வேறு ரூபத்தில் பலித்தது. அதற்கு வருகிறேன்.

நாமக்கல்லில் எனக்குத் தெரிந்த ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவர் இருக்கிறார். லாரி பாடி கட்டும் ஊரல்லவா, வயரிங் தெரிந்த கைகளுக்கு அங்கே பஞ்சமில்லை. இவர் அந்தக் கைகளில் ஒரு ரத்தினம். போன் போட்டேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஏனுங்க தம்பி, செல்ஃப் அடிக்கையில ஆர்.பி.எம். முள்ளு ஆடுதுங்களா?"

நான் முள்ளைப் பார்த்துக்கொண்டே அடித்தேன். வழக்கமாகச் செல்ஃப் அடிக்கும்போது 200 வரைக்கும் மெல்ல எழும் முள், சுழியத்தில் செத்துக் கிடந்தது. சந்தோஷத்தில் கத்திவிட்டேன். "ஆடலைண்ணே!" சுற்றி நின்றவர்கள் என்னை ஒருமாதிரி பார்த்தார்கள். இன்ஜின் கண்ணெதிரே சுற்றுகிறது. ஆனால் சுற்றுகிறது என்ற செய்தி கம்ப்யூட்டருக்குப் போகவில்லை. போனிலேயே வழக்கு பாதி முடிந்துவிட்டது! (எல்லாக் காரிலும் இந்தச் சோதனை செல்லாது. சிலவற்றில் முள் நல்ல நாளிலேயே அசையாது. உங்கள் கார் ஆரோக்கியமாக இருக்கும்போது ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.)

"அண்ணே, கிராங்க் சென்சார் ஒண்ணு கையோட எடுத்துட்டு வந்துடுங்க" என்றேன்.

"கொண்டாரேன். ஆனா பார்த்துட்டுத்தான் மாட்டுவேன்" என்றார். இந்தப் பதிலுக்காகவே அவருக்குக் கோயில் கட்டலாம். எத்தனை பட்டறைகளில், சந்தேகம் வந்ததுமே பழையதைக் கழற்றி வீசி, புதியதை மாட்டி, தீரவில்லை என்றால் அடுத்த சாமானுக்குப் போகிறார்கள்! அது வைத்தியம் அல்ல, நம் காசில் நடக்கும் லாட்டரி.

அவர் வரும்வரை வண்டியை எடுக்கவில்லை. ஆறினால் கிளம்பும் என்று தெரியும். ஆனால் இறக்கத்தில் இன்ஜின் நின்றால் பவர் ஸ்டீயரிங் இறுகிவிடும். பிரேக் பூஸ்டரில் மிச்சமிருக்கும் வெற்றிடம் சில மிதிகளோடு தீர்ந்துபோகும். கொண்டை ஊசியில் அந்த விளையாட்டு வேண்டாம். காத்திருந்த நேரத்தை நான் வீணாக்கவில்லை. சாவியை 'ஆன்' செய்து, பின் சீட்டில் காதை வைத்தேன். பம்ப் இரண்டு வினாடி 'உய்ய்ங்' என்று முனகி அடங்கியது. பம்ப் உயிரோடு இருக்கிறது. செல்ஃப் அடிக்கும்போது மனைவியைக் காது வைக்கச் சொன்னேன். "என்னங்க, ஒண்ணுமே கேக்கல" என்றாள். சொல்லும்போது அவள் முகத்திலும் ஒரு ஆவல் வந்துவிட்டதை நான் பார்த்தேன், மறுப்பாள், நம்பாதீர்கள்.

இங்கேதான் பலரும் சறுக்குவார்கள். பம்ப் ஓடவில்லை, ஆகவே பம்ப் போச்சு என்பார்கள். இன்னொருவர் பிளக்கைக் கழற்றிப் பார்த்துவிட்டு, ஸ்பார்க் இல்லை, காயில் போச்சு என்பார். இரண்டு பேர் சொல்வதும் கண்ணால் கண்டதுதான். ஆனால் பெட்ரோலும் ஸ்பார்க்கும் ஒரே நொடியில் தனித்தனியாகச் சாகுமா? இரண்டும் எதை நம்பி வாழ்கின்றனவோ அதைத் தேட வேண்டும். கிராங்க் ஷாஃப்ட் சுற்றுகிறது என்ற சிக்னல் வராவிட்டால், கம்ப்யூட்டர் பம்ப் ரிலேயை இரண்டு வினாடிக்கு மேல் பிடித்து வைக்காது. விபத்தில் குழாய் உடைந்து பெட்ரோல் கொட்டக் கூடாதே! இஞ்செக்டரையும் திறக்காது, ஸ்பார்க்கும் கொடுக்காது. ஒரு சின்ன சென்சார் வாயை மூடிக்கொண்டால் மொத்த இன்ஜினும் மௌனம்.

அந்தச் சென்சாரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் என்னை நிறுத்த முடியாது. என் காரில் இருப்பது காந்தமும் செம்புச் சுருளும் மட்டும் கொண்ட வகை. மைக்கேல் ஃபாரடே 1831-இல் கண்டுபிடித்த மின்காந்தத் தூண்டல், அப்படியே, கட்டைவிரல் அளவில்! அதற்கு எதிரே ஃப்ளைவீல் ஓரத்தில் 60 பல்லுக்கு இடம் வைத்த ஒரு சக்கரம். அதில் 58 பல்தான் உண்டு. இரண்டு பல் விழுந்த பாட்டி சிரிப்பதுபோல் ஒரு இடைவெளி. ஒவ்வொரு பல்லும் கடக்கும்போது சுருளில் ஒரு மின் அலை எழும். இடைவெளி வந்ததும் அலை ஒரு கணம் தவறும். அதை வைத்துத்தான் பிஸ்டன் எங்கே நிற்கிறது என்று கம்ப்யூட்டர் கணக்குப் போடுகிறது. ஒரு பல்லுக்கு 6 டிகிரி. இது நிமிடத்துக்கு ஆறாயிரம் சுற்றிலும் தவறாமல் நடக்கிறது. நீங்களே சொல்லுங்கள், இதற்குக் கைதட்ட வேண்டாமா?

இப்போது அந்த இரண்டு சாட்சியங்களுக்கு வாருங்கள். இந்த வகைச் சென்சாரில் சக்கரம் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறதோ அவ்வளவு பலமான அலை கிடைக்கும். சுருளின் செம்புக் கம்பியில் மயிரிழை விரிசல் விட்டிருந்தால், சூட்டில் அது விலகி அலையைத் தேய்த்துவிடும். மலை ஏறும்போது 3000 சுற்று. தேய்ந்த அலையும் போதுமானதாக இருந்தது. மேலே வந்து நின்றதும் 800-க்கு இறங்கியது. எதிர்க்காற்றும் இல்லை, பானெட்டுக்குள் சூடு ஏறியது. கம்ப்ரஸர் பிடித்தபோது சுற்று இன்னும் கொஞ்சம் குறைந்தது. அலை அறுந்தது. செல்ஃப் மோட்டார் சுற்றுவதோ 200 சொச்சம். 800-லேயே பேசாத சென்சார் 200-இல் எப்படிப் பேசும்? ஐடிலிங்கில் நின்றதும் திரும்பக் கிளம்பாததும் ஒரே கதையின் இரண்டு வரிகள்! இதை மனதுக்குள் கோத்து முடித்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. மனைவியிடம் விளக்கினேன். பலாச்சுளையை நீட்டினாள்.

எலக்ட்ரீஷியன் அண்ணன் பைக்கில் வந்து சேர்ந்தார். மஞ்சப்பையில் ஒரு மல்டிமீட்டர், டெஸ்ட் லேம்ப், கொஞ்சம் சாவிகள், புதுச் சென்சார். அதற்குள் வண்டி ஆறியிருந்தது. ஒரே திருகில் கிளம்பியது. "நல்லதாப் போச்சு, ஓடட்டும்" என்று ஐடிலிங்கில் விட்டுவிட்டு டீ குடித்தார். டீ முடியவும் இன்ஜின் நிற்கவும் சரியாக இருந்தது! ஏர் ஃபில்டர் பெட்டியை அகற்றி, கியர்பாக்ஸ் சேரும் இடத்தில் ஒளிந்திருந்த சென்சார் மேல் ஒரு சொம்பு தண்ணீரை மெல்ல விட்டார். "அடிங்க." அடித்தேன். கிளம்பியது! ஈரத்துணிப் பெரியவர் அங்கேயே நின்றிருந்தார். அவருடைய பெருமிதத்தை என்னால் எழுத முடியாது.

அத்துடன் முடித்திருக்கலாம். அவர் முடிக்கவில்லை. வயரை இழுத்துப் பார்த்தார், கப்ளருக்குள் எண்ணெயோ துருவோ இருக்கிறதா என்று டார்ச் அடித்தார். குற்றம் சென்சாரிலா, அதற்குப் போகும் வழியிலா என்பது வேறு வேறு அல்லவா? ஸ்கேனர் 'பி0335' என்று காட்டும்போதும் இதே சங்கதிதான். கிராங்க் சென்சார் சர்க்யூட்டில் கோளாறு என்றுதான் அது சொல்கிறது, சென்சாரை வாங்கு என்று சொல்லவில்லை. வயர் சுத்தம். சென்சாரைக் கழற்றி மீட்டரில் பிடித்தார்: 900 ஓம் சொச்சம். நல்ல பிள்ளை மாதிரி இருந்தது. டீக்கடையில் கொதிக்கிற வெந்நீர் ஒரு டம்ளர் வாங்கினார். சென்சாரைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி, வாய் நனையாமல் உள்ளே இறக்கினார். எல்லோரும் மீட்டரைப் பார்த்தோம். எண் மெல்ல ஏறியது. திடீரென்று ஆயிரக்கணக்கில் தாவியது. விழுந்தது, மறுபடி தாவியது. பிறகு 'ஓ.எல்.' என்று நின்றுவிட்டது: கம்பி அறுந்திருக்கிறது என்று மீட்டரின் தீர்ப்பு. வெளியே எடுத்து ஊதி ஊதி ஆற்றினார். 900-க்குத் திரும்பி வந்தது! புதுச் சென்சாரையும் அதே வெந்நீரில் இறக்கினார். கொஞ்சம் ஏறி, அப்படியே நின்றது. "இப்ப மாட்டலாமுங்களா?" என்றார்.

(ஹால் வகைச் சென்சாராக இருந்தால் இப்படி ஓம் பார்த்துப் பயனில்லை, உள்ளே சின்ன மின்னணுச் சில்லு இருக்கும். அதற்கு வோல்ட்டேஜ் கொடுத்து, சிக்னல் துடிக்கிறதா என்று பார்க்க வேண்டும்.)

ஒரே ஒரு போல்ட். மாட்டி முடிக்க டீ ஆறும் நேரம்கூட ஆகவில்லை. சென்சார் விலை ஆயிரத்துச் சொச்சம். அவர் கேட்ட கூலியைக் கேட்டு, கூட வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் மன்றாட வேண்டியிருந்தது. அதன் பிறகு ஏ.சி. போட்டு எவ்வளவு நேரம் நிறுத்தி வைத்தாலும் முள் 800-ஐ விட்டு நகரவில்லை.

பழைய சென்சாரை அவரிடமிருந்து கேட்டு வாங்கி வந்துவிட்டேன். வீட்டுக்கு யார் வந்தாலும் வெந்நீர் டம்ளர், மீட்டர், காட்சி ஆரம்பம். மச்சானுக்குக் காட்டியபோது அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "மாமா, என் வண்டியும் சிக்னல்ல நின்னா ஐடிலிங் ஏறி ஏறி இறங்குது." வருகிற ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில்தான் எனக்குச் சாப்பாடு. மீட்டருக்குப் புது பேட்டரி போட்டாயிற்று.