உச்சி வெயிலுக்கு மணி எத்தனை?

கும்பகோணம் பக்கம் திருவிசநல்லூர் சிவயோகிநாதர் கோயில் சுவரில் சூரியக் கடிகாரம் ஒன்று உண்டு. அதைப் பற்றிய கட்டுரைகள் பெரும்பாலும் வயதைச் சொல்லி வியப்பதோடு சரி, நிழலைப் படிப்பதில்லை.

பினாங்குத் தைப்பூசப் பாதையைப் பற்றிய நம் எழுத்திலும் இதே குறைதான். 1894இன் வெள்ளி ரதம் வரும், பினாங்கு வீதி கோயில் வீடு வரும், தண்ணீர்மலை வரும். வெயில் மட்டும் சும்மா 'கொளுத்தும்'.

1982இல் மலேசியத் தீபகற்பத்தின் கடிகாரத்தை அரைமணி முன்னே தள்ளிவைத்தார்கள். அதனால் தைப்பூசத்தன்று இங்கே சூரியன் உச்சிக்கு வர மதியம் ஒன்றரை ஆகிவிடும். நாமோ 12 அடிச்சதும் 'உச்சி வெயில்'னு எழுதிடுறோம். காவடி எடுத்தவரின் வெறுங்காலுக்குத் தார் ரோட்டின் கொடுமை அதுக்கப்புறம்தான்.

ரதம் போகும் வழியில் ஒரு குச்சியை நட்டு, நிழல் குட்டையாகும் நேரத்தைக் குறித்துவைங்க. அதுவும் ஆவணம்தான்.