ஒபராம்மர்கவ் மேடையில் யூதர்

பவேரிய மலைநாட்டிலுள்ள ஒபராம்மர்கவ் என்னும் சிற்றூரார், 1633-இல் கொள்ளைநோய்க்கு அஞ்சி ஒரு பொருத்தனை செய்தனர். ஆண்டவர் தங்களைக் காத்தருளினால் பத்தாண்டுக்கு ஒருமுறை இயேசுவின் பாடுகளை நடித்துக் காட்டுவோம் என்பதே அது. 1634-இல் தொடங்கிய அந்நாடகம், பெருந்தொற்றினால் ஈராண்டு தள்ளிவைக்கப்பட்டு, 2022-இல் மீண்டும் நடிக்கப்பட்டது. பக்தியிற் பிறந்த கலை, பகைமைக்கு எவ்வாறு இடந்தரும் என்பதை ஆராய்வோருக்கு இதனினும் சிறந்த சான்று அரிது.

நடித்தோர் யாவரும் யூதரை வெறுத்தே நடித்தனர் என்று கூறுவதற்கில்லை. முன்னோரிடம் கண்ட உடையையும் கேட்ட உரையையும் அவ்வாறே வழங்கினர். ஆயினும், ஆசாரியரின் தலையணிகள் கொம்புபோல் நீண்டன. யூதாஸ் மஞ்சள் அங்கி தரித்தான். இடைக்கால ஐரோப்பாவில் யூதரைப் பிரித்துக் காட்டச் சுமத்தப்பட்ட நிறம் அது. இயேசுவும் மரியாளும் சீடரும் யூதரே என்பது காண்போருக்குப் புலப்படவில்லை. மத்தேயு 27:25-இன் கூற்றைக் கூட்டமெல்லாம் முழங்கியபோது, ஓர் இனமே குற்றவாளியாயிற்று. 1934-இல் முந்நூறாம் ஆண்டு விழா நாடகத்தைக் கண்ட ஹிட்லர், யூதரைப் பற்றிய எச்சரிக்கை என 1942-இல் அதனைப் போற்றினான். சிந்தியாமல் பேணிய மரபின் விளைவு இத்தகையது.

1990 முதல் நாடகத்தை இயக்கிவரும் கிறிஸ்டியான் ஸ்டுக்கல் பல திருத்தங்களைச் செய்தார். 2000-இல் அக்கூட்டக் குரல் நீக்கப்பட்டது. இயேசு எபிரெய மொழியில் ஜெபித்தார். ஆலோசனைச் சங்கத்தில் அவருக்காக வாதிடுவோரின் குரலும் வலுப்பெற்றது. மணமானவரும் முப்பத்தைந்து வயது கடந்தவருமான பெண்களுக்கு இருந்த தடையை 1990-இல் நீதிமன்றம் அகற்றியது. 2022-இல் இஸ்லாமிய இளைஞர் ஒருவர் யூதாஸாக நடித்தார்.

இவற்றுள் எது பெரிது? மேடையில் புதியவர் ஏறியதா, உரை திருந்தியதா? உரை திருந்தியதே என்பது நம் துணிபு. பழைய உரையும் மஞ்சள் அங்கியும் அப்படியே இருக்க, இஸ்லாமியர் ஒருவரிடம் காட்டிக்கொடுப்பவனின் வேடத்தைத் தந்திருந்தால், பழைய பழிக்குப் புதியதொரு முகம் கிடைத்திருக்கும், அவ்வளவே. புதிய உரையில் யூதாஸ், தன் மக்களின் விடுதலையை நாடி ஏமாந்த மனிதன். ஆகவேதான் அவ்விளைஞருக்கு அளித்த இடம் மெய்யான இடமாயிற்று.

எனினும் பணி முற்றுப்பெறவில்லை. பிலாத்துவின் கொடுமை தெளிவாக்கப்பட்ட பின்னரும், காய்பா பெரும்பாலும் கடின முகத்தினனாகவே நிற்கிறான். தீமை எல்லாவற்றையும் ஒருவன் தலையில் ஏற்றினால், பார்வையாளர் தம்மைக் குற்றமற்றவராக எண்ணி எழுந்து செல்வர். பாடுகளின் நாடகம் அதற்காக ஏற்பட்டதன்று. பெரிய வெள்ளிக்கு நாடகம் எழுதும் நம் சபையாரும் ஒத்திகைக்கு முன் கேட்கவேண்டிய வினா இது: நாம் யாரைப் பகைவனாக உடுத்துகிறோம், ஏன்?