நோயை அறிந்தவரும் நோய்க்குப் பெயரிட்டவரும்: வெறியாட்டுப் பாடல்களில் உடற்குறிகள்

குறிஞ்சித் திணைப் பாடல்களில் தலைவியின் தோள் மெலிகிறது, வளை கழல்கிறது, மேனியில் பசலை படர்கிறது. காரணம் அறியாத தாய் கட்டும் கழங்கும் பார்க்கச் செய்கிறாள். முருகு அணங்கியது என்ற விடை கிடைக்க, வேலன் வெறியாட வருகிறான். இப்பாடல்களை மூடநம்பிக்கையைப் பகுத்தறிவு எள்ளும் இடங்களாகக் காண்போர் உண்டு. உள்ளத்துணர்வு உடல்நோயாக வெளிப்படுவதைத் தமிழர் அன்றே அறிந்தனர் எனப் பெருமை கொள்வோரும் உண்டு. இரண்டாவது வாசிப்பே கூடுதல் ஐயத்திற்குரியது.

உணர்வு உடலில் தோன்றும் என்பது தொல்காப்பியத்தில் நிறுவப்பட வேண்டிய செய்தி அன்று. மெய்ப்பாட்டியலே அதன்மேல்தான் நிற்கிறது. எனவே வெறியாட்டுப் பாடல்கள் எழுப்பும் வினா வேறு: தலைவியின் உடலைப் படித்துக் காரணம் சொல்லும் உரிமை யாருக்கு?

பிராயரும் பிராய்டும் 1895இல் வெளியிட்ட ஹிஸ்டீரியா பற்றிய ஆய்வுகளில் நோயின் காரணம் நோயாளிக்கே மறைந்து கிடக்கிறது; மருத்துவர் அதனை வெளிக்கொணர்கிறார். தலைவிக்கோ தன் நோயின் காரணம் தெரியும், தோழிக்கும் தெரியும். நற்றிணை 34ஆம் பாடலில் முருகனுக்கும் தெரியும். தெரிந்தும் வேலன் வேண்ட வந்து நின்றமையால், கடவுளே ஆயினும் அறியாமை உடையவன் எனத் தோழி அவனைப் பழிக்கிறாள். அறியாதவர் தாயும் வேலனுமே. விளக்கமின்மை இங்கு நோயின் இயல்பு அன்று, காண்போரின் நிலை. அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் கையேடும் 2013இல் வந்த ஐந்தாம் பதிப்பில், மருத்துவ விளக்கம் இன்மையை உடற்குறிக் கோளாற்றின் அடிப்படை அளவுகோலாகக் கொள்வதைக் கைவிட்டது.

இவ்வினாவை மிக ஆழமாகத் தொட்டவர், பெண்பாற் புலவராகக் கொள்ளப்படும் வெறிபாடிய காமக்கண்ணியார். அகநானூறு 22இல் வெறியாட்டு நடக்கிறது. அவ்விரவே தலைவன் காவல் கடந்து வருகிறான். தலைவியின் நோய் தணிகிறது. தொடர்பே இல்லாத வேலனுக்குப் பெயர் கிடைப்பதைக் கண்டு அவள் நகுகிறாள். அகநானூறு 98இல் அந்நகைக்கு இடமில்லை. வெறியாடியும் மேனி பொலிவு பெறாவிடின் களவு வெளிப்பட்டுவிடும். முருகன் அருளால் பொலிவு பெற்றாலோ, அவள் நோய் பிறிதொன்றால் வந்தது எனத் தலைவன் எண்ணக்கூடும். அதன்பின் உயிர்வாழ்தல் அதனினும் அரிது என்கிறாள். பொய்க்காரணத்தால் கிடைக்கும் நலம், நோயைவிட அஞ்சத்தக்கதாகிறது. மெலிந்த உடல் காதலுக்குச் சான்று. அதனைக் குணப்படுத்துவது சான்றை அழிப்பதாகும். இவ்வச்சத்தை 'உளவழி உடல்நோய்' என்னும் இக்காலப் பெயரால் குறித்து நிறுத்தும் ஆய்வாளர், வேலனின் இடத்தில் தாமே அமர்ந்துவிடுகிறார்.

இப்பாடல்கள் நோயாளிகளின் வாக்குமூலங்கள் அல்ல, துறை மரபில் அமைந்த கூற்றுகள் என்பதும் மறக்கத்தக்கதன்று. எனினும் அம்மரபு காரணத்தைக் கண்டறிவதோடு நின்றுவிடவில்லை. கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் தோழி செவிலியிடம் உண்மையை ஒரே தொடரில் சொல்லியிருக்கலாம். 261 அடிகளில் அமைந்த அப்பாட்டிலோ அவள் முதலில் தாயின் துயரை ஏற்கிறாள். பிறகு தினைப்புனக் காவல், அருவியாடல், பூக்கொய்தல், சினந்து வந்த யானை, தலைவன் எய்த அம்பு என ஒவ்வொன்றாக அடுக்கி, மணத்திற்கு அவளை இசைவிக்க முயல்கிறாள்.