தெகல்தொருவைச் சுவரோவியமும் அதனை எழுதிய துறவியும்

கண்டி நாட்டு ஓவியங்களைப் பற்றிப் பேசுவோருட் பலர் அவற்றை நாட்டார் கலை என்னும் ஒரு சொல்லில் அடக்கி விடுவர். ஆழங் காட்டாத தட்டை ஓவியம், ஒளிநிழல் பயிலாத கை, குழந்தை மனத்தின் எளிமை என்பன அவர் வழங்கும் பாராட்டுக்கள். பாராட்டுப் போலத் தோன்றும் இவை உண்மையிற் குறைகூறலேயாம். ஐரோப்பிய ஓவியத்தை அளவுகோலாகக் கொண்டு, அவ்வளவுகோலுக்கு எட்டாதவற்றின்மேல் இரக்கங் காட்டுதல் திறனாய்வாகாது. தெகல்தொருவைக் குகை விகாரையின் ஓவியங்களை முன்வைத்து இதனைச் சிறிது ஆராய்வாம்.

கண்டி நகருக்கு வடகிழக்கே, மகாவலி கங்கைக்கு அப்பால், அமுனுகமை என்னும் ஊரின் அயலில் உள்ளது இவ்விகாரை. கீர்த்தி சிறீ இராசசிங்கன் (1747–1782) தொடக்கிய பணி அவன் தம்பி இராசாதி இராசசிங்கன் காலத்தில் நிறைவெய்தியது. ஓவியங்கள் 1771 முதல் 1786 வரையுள்ள காலத்தின என்பர். எழுதினோருள் தலையாயவர் தேவரகம்பொல சில்வத்தென்ன உன்னான்சே. உன்னான்சே என்பது துறவியைக் குறிக்கும் மரியாதைச் சொல். இவர் உபசம்பதை என்னும் முழுத்துறவு பெறாதவர். 1753இல் சீயத்திலிருந்து வந்த தேரர்களால் உபசம்பதை மீண்டும் இந்நாட்டில் நிலைபெற்ற பின்னும் இவர் அதனை ஏற்காது ஓவியராகவே வாழ்ந்தமை கருதற்குரியது. இவர் பெயரையும் உடனுழைத்த நீலகமைக் குடியினர் முதலியோர் பெயரையும் உலகறியச் செய்தவர் நம்மவரான ஆனந்த குமாரசுவாமி. மண்ணியல் ஆய்வுக்காக இலங்கையில் ஊரூராகச் சென்ற அவர், கல்லைத் தேடிய இடத்திற் கலையைக் கண்டார். 1908இல் வெளிவந்த அவருடைய இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலே இத்துறைக்கு முதனூல்.

இவ்விகாரையை எடுப்பித்த மன்னன் தமிழகத்திலிருந்து வந்த நாயக்கர் மரபினன், பிறப்பாற் சைவன். அவன் திருநீறு அணிதலை விடவில்லை என்பது 1760இல் அவனுக்கு எதிராக எழுந்த சதியின் காரணங்களுள் ஒன்றாகச் சொல்லப்பட்டது. சதியினின்றும் தப்பிய மன்னன் பௌத்த விகாரைகளை முன்னினும் மிகுதியாகப் பேணினான். இதனை அரசியற் சூழ்ச்சி என்பாரும் உளர். உண்மையான பக்தி என்பாரும் உளர். இரண்டும் ஒரு நெஞ்சில் ஒருங்கிருத்தல் இயலாதா? எவ்வாறாயினும், பொருள் கொடுத்தவன் நோக்கத்தைக் கொண்டு எழுதியவன் கோட்டினை மதிப்பிடுதல் முறையன்று. 1765இல் ஒல்லாந்தர் படை தலைநகரிற் புகுந்தது. 1766 உடன்படிக்கையோடு கடற்கரை முழுவதும் கைவிட்டுப் போயிற்று. அதன்பின் ஐந்தாண்டுகளில் இச்சுவர்கள் வண்ணம் பெறத் தொடங்கின. ஒடுங்கிய அரசொன்றின் கலையில் ஒடுக்கம் காணப்படாமை வியப்பே.

இதே காலத்தில் ஐரோப்பாவிற் பரோக்கு ஓவியநெறி தன் மாலைப் பொழுதை அடைந்திருந்தது. அந்நெறியின் இறுதிப் பெருங்கலைஞராகிய வெனிசு நகரத்துத் தியேப்பொலோ (1696–1770), ஸ்பெயின் மன்னன் மூன்றாம் சார்ள்சின் ஆணைப்படி அரங்குவேசு என்னும் ஊரின் தேவாலயத்துக்கு 1767 தொடக்கம் 1769 வரை ஏழு பீடப் படங்களை எழுதினார். அவற்றுள் ஒன்று அமலோற்பவ மாதாவின் திருவுரு. பிறையின்மீது நின்று, வாயிற் கனி கவ்விய பாம்பினை மிதித்து, தலையில் விண்மீன் முடியோடு மாதா நிற்கிறாள். பார்ப்பவன் கீழே நிற்கிறான். அவள் மேலே நிற்கிறாள். முகிலும் வானும் அவளுக்குப் பின்னே விரிந்து செல்கின்றன. துணி மறைந்து வானம் திறந்ததென நம்புமாறு கண்ணை மயக்குதலே அந்நெறியின் வெற்றி. அதனை இகழ யாம் துணியோம்.

சில்வத்தென்ன உன்னான்சே வேறொன்றை வேண்டினார். வெசந்தர சாதகத்தை அவர் எழுதிய முறையை நோக்குக. வெள்ளையானையை ஈந்தமையால் நாட்டை இழந்த இளவரசன், தேரையும் குதிரைகளையும் ஈந்து, பின்னர்த் தன் மக்கள் இருவரையும், இறுதியில் மனைவி மத்திரியையும் ஈகின்ற கதை அது. அரிச்சந்திரன் கதையிற் பழகிய நமக்கு இதன் துயர் புதிதன்று. ஓவியர் சுவரை நீண்ட பட்டிகளாகப் பகுத்தார். செந்நிறத் தளத்திற் கதையை ஓடவிட்டார். ஒரே பட்டியில் இளவரசன் பன்முறை தோன்றுகிறான். ஒரு நிகழ்ச்சிக்கும் அடுத்ததற்கும் இடையே ஒரு மரமோ கட்டடமோ எல்லையாகும். வெற்றிடத்தை மலர்கள் நிரப்புகின்றன. தூரம் காட்ட விழைந்தால் இம்முறை சிதைந்துவிடும். ஏனெனில் ஆழம் காட்டும் ஓவியத்துக்கு ஓர் இடமும் ஒரு கணமுமே உண்டு. கதையோ பல இடமும் பல காலமும் உடையது. தியேப்பொலோ ஒரு கணத்தை முடிவிலியாக்கினார். இவர் ஒரு வாழ்நாளை ஒரு சுவராக்கினார். முன்னவர் முன் அசையாது நிற்றல் வேண்டும். பின்னவரோடு நடந்து செல்லல் வேண்டும். ஒன்றுக்குரிய இலக்கணத்தால் மற்றதை அளப்பது வெண்பாவின் இலக்கணங் கொண்டு விருத்தத்தைப் பிழை காண்பதை ஒக்கும்.

மேற்றளத்தில் எழுதப்பட்ட மாரன் போரிலும் இவ்வேறுபாடு தெரியும். ஐரோப்பியர் கூரையைத் திறந்து வானமாக்க முயன்றனர். இங்கோ பாறை பாறையாகவே இருக்கிறது. விதானச் சீலை விரித்தாற்போல ஓவியம் அதன்மேற் படிந்துள்ளது. போர்க்கோலங் கொண்ட மாரன் படையின் ஆரவாரம் நடுவிருக்கும் புத்தரின் அமைதியை மிகுவிக்கிறது. யாம் அறிந்தவரை கண்டி ஓவியத்தில் இதனினும் உயிர்ப்புடைய கூட்டக்காட்சி அரிது.

குறை இல்லையா எனின், உண்டு. முகங்கள் பெரும்பாலும் ஓரச்சில் வார்த்தன. பிள்ளைகளைப் பிரியும் தந்தையின் முகமும் அரசவையில் வீற்றிருக்கும் வேந்தன் முகமும் அதிகம் வேறுபடுவதில்லை. உணர்ச்சியைக் கையின் நிலையும் உடலின் சாய்வுமே சுமக்கின்றன. கதையறியாதார்க்கு இது போதாது. ஆயினும் கதையறியாதாரை நோக்கி எழுதப்பட்டதன்று இவ்வோவியம்.

வண்ணங்களைப் பற்றி ஒரு சொல். வெள்ளைக்கு வெண்களிமண், கருமைக்கு விளக்குப்புகைக் கரி, மஞ்சளுக்கு அரிதாரம், சிவப்புக்குச் சாதிலிங்கம். ஈரச் சுண்ணத்தின்மேல் அன்றி, உலர்ந்த பூச்சின்மேலேயே எழுதினர். சாதிலிங்கத்தைச் சிங்கள ஓவியரும் அப்பெயராலேயே வழங்கினர். சொல்லாராய்ச்சி செய்வோர் அரண்மனைகளில் மட்டுமன்றி வண்ணக் கிண்ணங்களிலும் தேடலாம் போலும்.

அரங்குவேசுப் படங்கள் நெடுநாள் நிலைக்கவில்லை. தியேப்பொலோ 1770 மார்ச்சில் மதிரீட்டில் இறந்தபின், புதிய சுவை வென்றது. மெங்சு முதலியோர் படங்களுக்கு இடம்விட்டு அவை அகற்றப்பட்டன. தலைப்பீடத்துப் படம் துண்டாடப்பட்டு, அதன் துண்டுகள் இன்று பிராடோ அருங்காட்சியகத்தில் உள்ளன. சுவரோவியத்தைச் சுருட்டிக் கொண்டுபோதல் இயலாது. அதற்கு வரும் கேடு வேறு வகையினது. நம் தீபகற்பம் இதனை அறியும். 1621இல் போர்த்துக்கேயர் நல்லூர்க் கோயிலை இடித்தபோது அதன் சுவர்களில் இருந்தனவும் கல்லோடு போயின.

தெகல்தொருவைக்கு மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர்க்கு ஒரு வேண்டுகோள். நூல்களில் அச்சாகும் நிழற்படங்கள் பட்டியைத் துண்டித்து ஒரு காட்சியையே காட்டுகின்றன. அவற்றைப் பார்த்துச் செல்பவர் அக்காட்சியைத் தேடிக் கண்டு, மற்றவற்றைக் கடந்துபோவர். பட்டியின் தொடக்கத்தில் நிறுத்தி, கீழுள்ள சிங்கள வரிகளை அறிந்தார் ஒருவர் வாசித்துச் சொல்ல, கதை முடியுமட்டும் மெல்ல நடத்திச் செல்க.