காற்றடைத்த கயாக்: மூன்று நாள் கொடுவாப் பயணத்துக்குத் தாங்குமா?

மடித்துக் கட்டினால் பதினைந்து கிலோ பை. பைக்கின் பின்சீட்டில் குறுக்கே வைத்து இரண்டு கயிறு போட்டால், சிங்கப்பெருமாள் கோவிலில் கிளம்பி மாமல்லபுரம் வரைக்கும் அசையாமல் வருகிறது. காற்றடைக்கும் கயாக்கை நான் வாங்கியதற்கு முதல் காரணம் இதுதான். ஒரகடம் பக்கம் ஷிப்ட் வேலை, முதல் மாடியில் வாடகை வீடு. மூன்று மீட்டர் ஃபைபர் படகை எங்கே வைப்பது, எதில் ஏற்றுவது?

கார்த்திகையில் வாங்கினேன். மாசி முடிவதற்குள் பதினோரு முறை தண்ணீரில் இறக்கிவிட்டேன். முதலில் குத்தகைதாரரிடம் கேட்டுக்கொண்டு பக்கத்து ஏரியில். பிறகு முட்டுக்காடு, மாமல்லபுரம் பக்கத்துக் கழியில். பங்குனியில் பக்கிங்காம் கால்வாய் வழியாக, கொடுவா மீனுக்குத் தூண்டில் போட்டபடி மூன்று நாள் போகத் திட்டம். அதற்கு இது போதுமா என்று பார்க்கத்தான் இத்தனை ஒத்திகையும். இங்கே பேசுவது ஒரு பிராண்டைப் பற்றி அல்ல. 15,000 ரூபாய்க்குள் கிடைக்கும் இருவர் கயாக்குகள் அநேகமாக இதே அமைப்பில்தான் வருகின்றன.

அமைப்பும் அழுத்தமும்

நீளம் 3.12 மீட்டர், அகலம் 91 சென்டிமீட்டர். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு காற்றறைகள், அடியில் ஒன்று. ஓர் அறை போனாலும் மற்ற இரண்டும் மிதக்க வைக்கும். கைப்பம்பில் அடித்தால் பன்னிரண்டு நிமிடம் ஆகிறது. அடித்தளத்தைக் கடைசியில் நிரப்ப வேண்டும். முதலில் நிரப்பினால் பக்கங்கள் கோணலாக உட்கார்ந்துவிடும்.

இதற்கு வேண்டிய அழுத்தம் சுமார் 1 பிஎஸ்ஐ. கார் டயருக்கு 30-க்கு மேல் வைக்கிறோம். அதனால் பெட்ரோல் பங்க் கம்ப்ரஸர் பக்கமே இதைக் கொண்டுபோகக் கூடாது, இணைப்பு பிரிந்துவிடும். வெயிலிலும் கவனம் வேண்டும். விடியற்காலை 25 டிகிரியில் 1 பிஎஸ்ஐ அடைத்த அறை, உச்சி வெயிலில் 45 டிகிரிக்குச் சூடானால் உள்ளே அழுத்தம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். கரையேறியதும் நான் செய்யும் முதல் வேலை வால்வைத் திறந்து கொஞ்சம் காற்றை விடுவது. விலை கூடிய மாடல்களில் இரண்டு அடுக்குகளை ஆயிரக்கணக்கான நூல்களால் பிணைத்த அடித்தளம் வரும். அது 6 பிஎஸ்ஐக்கு மேலும் தாங்கி, பலகை போல விறைப்பாக நிற்கும். இந்த விலையில் அது கிடைக்காது. நடுவில் மெத்தை போல லேசாகக் குழியும்.

எடைக் கணக்கு

பெட்டியில் 180 கிலோ தாங்கும் என்று போட்டிருக்கிறது. நானும் நண்பனும் சேர்ந்து 140. ஆளுக்கு ஆறு லிட்டர் தண்ணீர், மாற்றுத் துணி, தூண்டில், சாப்பாடு எல்லாம் சேர்த்தால் 170 தாண்டிவிட்டது. மிதந்தது, ஆனால் தண்ணீரில் அழுந்தி உட்கார்ந்து, துடுப்புக்குச் சரியாகப் பணியவில்லை. 130 கிலோவுக்குள் வைத்தபோது அதே படகு அம்பு போல நேராகப் போனது. இதன்படி ஒரு நாள் போய்வர இருவர் போகலாம். பல நாள் பயணத்துக்கு ஒரு படகுக்கு ஓர் ஆள்தான்.

எல்லாவற்றையும் தீர்மானிப்பது காற்று

அசையாத தண்ணீரில் மணிக்கு 4 கிலோமீட்டர் போக முடிகிறது. போன் ஜிபிஎஸ்ஸில் பலமுறை அளந்தேன். எதிர்க்காற்றில் அது ஒன்றரைக்கு இறங்குகிறது. ஃபைபர் படகு தண்ணீரைக் கிழித்துப் போகும். இது தண்ணீருக்கு மேல் உட்கார்ந்திருப்பதால் பக்கச் சுவர் முழுக்கக் காற்றை வாங்குகிறது. துடுப்பை நிறுத்தினால் அரை நிமிடத்தில் மூக்கு திரும்பிவிடும். அடியில் செருகும் வால் தகடு நேராகப் போக உதவுகிறது என்றாலும் தண்ணீர் முழங்கால் ஆழத்துக்குக் கீழே போனால் சேற்றில் தட்டும், கழற்றிவிட வேண்டும்.

முட்டுக்காட்டில் வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒரு பெரியவர் என் பையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பத்து மணிக்கு மேல கடல் காத்து ஏறும் தம்பி. அதுக்குள்ள கரைக்கு வந்துடு." அன்று பத்தரை வரை இருந்து பார்த்தேன். திரும்பி வர எண்ணூறு மீட்டருக்கு நாற்பது நிமிடம் பிடித்தது. இந்தப் படகை வாங்குபவர் எடை தாங்கும் அளவைப் பார்ப்பதற்கு முன்னால் தான் போகும் இடத்தின் காற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். நேரத்தைச் சரியாக வைத்துக்கொண்டால் இது நல்ல படகு. தவறவிட்டால் துடுப்பு போட்டே கை ஓய்ந்துவிடும்.

தூண்டில் போட

அமெரிக்காவிலும் கனடாவிலும் குளிர் விலகும் பருவத்தில் கனூவில் கூடாரம் ஏற்றிக்கொண்டு ஸ்மால்மவுத் பாஸ் மீன் பிடிக்கப் போவார்கள். நம் கழியில் அந்த இடம் கொடுவாவுக்கு. பாலத் தூணோரமும் அலையாத்தி வேரோரமும் பதுங்கி நிற்கும். ஓதம் திரும்பும் நேரத்தில் இரைக்குப் பாயும். முட்டுக்காட்டில் ஆய்வு நிலையம் வைத்திருக்கும் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம், 1997-ல் இதை வளர்ப்பு நிலையிலேயே இனப்பெருக்கம் செய்ய வைத்தது.

கொடுவா ஆணாக வளர்ந்து, பெருத்த பிறகு பெண்ணாக மாறும் மீன். ஆகவே பெரிய மீன் பெரும்பாலும் முட்டை சுமக்கும் தாய். சாப்பாட்டுக்கு அளவான ஒன்றை வைத்துக்கொண்டு பெரியதை விட்டுவிடுவது என்று நாங்கள் முடிவு செய்திருக்கிறோம்.

படகு தாழ்வாக இருப்பதால் தூணுக்குப் பத்தடி வரை சத்தமில்லாமல் நெருங்கலாம். இன்ஜின் படகில் இது நடக்காது. ஆனால் கொடுவாவின் செவுள் மூடி கத்தி மாதிரி; துள்ளினால் விரலையும் கிழிக்கும், காற்றறையையும் கிழிக்கும். மடியில் ஈரச் சாக்கு விரித்துத்தான் மீனை ஏற்றுகிறேன். தூணில் ஒட்டிய சிப்பி விளிம்பும் அதே ஆபத்து. கழியில் இருளர் பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் கையால் தடவி இறால் பிடிப்பார்கள். அது அவர்கள் பிழைப்பு. அவர்கள் இருக்கும் பக்கம் நாங்கள் போவதில்லை.

ஒரு முள், ஒரு பாடம்

ஏழாவது முறை கரையில் இழுத்தபோது சீமைக் கருவேல முள் ஏறிவிட்டது. சோப்பு நுரை தடவினேன். பக்க அறையில் கடுகளவு இடத்தில் குமிழி வந்தது. பஞ்சர் கடையில் டியூபுக்குப் போடும் சொல்யூஷன் வைத்து ஒட்டியது மறுநாளே உரிந்தது. அது ரப்பருக்கு உரியது. இந்தப் படகு பிவிசி. ஒட்டைச் சுரண்டி, ஸ்பிரிட்டால் துடைத்து, பிவிசி பசையும் பிவிசி துண்டும் வைத்து, மேலே பாரம் ஏற்றி ஒரு நாள் முழுக்க விட்டேன். இன்றுவரை கசியவில்லை. பசையும் துண்டும் இல்லாமல் இனி கிளம்புவதில்லை. கரையில் இழுப்பதும் இல்லை. இரண்டு பேர் தூக்குகிறோம்.

பங்குனித் திட்டம்

1806-ல் சென்னைக்கு வடக்கே தோண்டத் தொடங்கி, 1878-ல் ஆளுநர் பக்கிங்காமின் பெயரைப் பெற்ற கால்வாய் இது. உப்பும் விறகும் ஏற்றிய படகுகள் போன பாதை. அதன் தென்பகுதியில் சதுரங்கப்பட்டினத்தில் இருந்து முட்டுக்காடு வரை சுமார் 35 கிலோமீட்டர் எங்கள் வழி. பங்குனியில் காற்று தெற்கில் இருந்து ஏறும் என்பதால் வடக்கு நோக்கிப் போகிறோம். காற்று முதுகைத் தள்ளட்டும்.

முதல் நாள் மாமல்லபுரம், இரண்டாம் நாள் திருவிடந்தை, மூன்றாம் நாள் முட்டுக்காடு. கடைசி நாள் தூரம் குறைவு; அன்று முழுக்கத் தூண்டிலுக்கு. காலை ஐந்தரைக்கு இறங்கி, பத்துக்குள் கரையேற்றம். இரவு லாட்ஜில். பைக்கில் போய்ப் பாலம் பாலமாக நின்று பார்த்ததில், சில இடங்களில் கால்வாய் மேடு தட்டியிருக்கிறது. அங்கெல்லாம் தகடு கழற்றித் தூக்கி நடக்க வேண்டும். பதினைந்து கிலோ என்பதால்தான் அதற்குத் துணிகிறோம்.

வாங்கலாமா?

வீட்டில் இடமில்லாதவர், வண்டி பைக் மட்டுமே உள்ளவர், விடியலில் எழத் தயாரானவர் வாங்கலாம். மத்தியானம் கிளம்பி மாலையில் திரும்ப நினைப்பவருக்கும், முகத்துவாரம் தாண்டிக் கடலுக்குள் போக நினைப்பவருக்கும் இது ஆகாது. லைஃப் ஜாக்கெட்டுக்குத் தனியாகப் பணம் ஒதுக்குங்கள், பெட்டிக்குள் வராது.

ஆறு மணிக்கு ஏ ஷிப்டுக்கு ஓடிப் பழகிய எங்களுக்கு ஐந்தரை மணி பெரிய சிரமம் இல்லை. படகு கேட்கும் நேரமும் அதுதான். இரண்டாவது கயாக்கும் வந்துவிட்டது. லீவு எழுதிக் கொடுத்தாயிற்று.