நாடியும் எண்ணும்

நீண்ட தூர ஓட்டம் பற்றிய புத்தகங்களைச் சில வருஷங்களாகப் படித்து வருகிறேன். ஓடுவதால் படிக்கிறேன் என்பது என் கட்சி. படித்துத் தொலைத்ததற்காக ஓடுகிறேன் என்பது வீட்டில் உள்ளவர்கள் கட்சி. இவற்றில் பெரும்பாலானவை இலக்கியம் என்று சொல்லத் தகுந்தவை அல்ல. ஆனால் இலக்கிய விமர்சனத்துக்கு உரிய ஒரு பிரச்னை, இலக்கியத்தில் இருப்பதைவிடப் பச்சையாக, இவற்றில் கிடக்கிறது. உள்ளே நிகழும் ஒன்றை வெளியிலிருந்து அளந்து சொல்ல முடியுமா, அப்படி அளந்து வந்த எண்ணுக்கு அனுபவித்தவன் கட்டுப்பட்டாக வேண்டுமா என்பது அது. கவிதைக்கு மார்க் போடுகிறவர்களைக் கேலி செய்து எழுதிய நானே, விடிகாலையில் மணிக்கட்டைத் திருப்பி, அங்கே 158 என்று ஒளிர்வதைப் பார்த்து, தெம்பு மிச்சம் இருந்தும் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறேன். யார் சொல்லை யார் கேட்கிறார்கள் என்று அந்த நிமிஷம் யோசிப்பதில்லை.

சூத்திரம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். 220-லிருந்து வயதைக் கழித்தால் இதயத்தின் உச்சத் துடிப்பு. அதைச் சதவீதங்களாக வெட்டினால் ஐந்து மண்டலங்கள். நம் ஊர் ஓட்டக் குழுக்களில் ‘சோன் டூ’ என்று மந்திரம் போல உச்சரிக்கப்படுவது இதில் இரண்டாவது. இந்தச் சூத்திரத்தின் மூல பாடத்தைத் தேடிப் போகிறவனுக்கு ஏமாற்றமே மிஞ்சும். 1971-ல் ஃபாக்ஸ், ஹாஸ்கெல் முதலிய அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரையில், அதுவரை வந்திருந்த சில ஆய்வுகளின் புள்ளிகளுக்கு ஊடே உத்தேசமாகப் போட்ட கோடு அது. ஒரு கூட்டத்துக்குப் போகும் வழியில் விமானத்தில் உட்கார்ந்து அந்தப் புள்ளிகளைக் குறித்ததாக ஹாஸ்கெலே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். புள்ளிகளில் சில புகை பிடிப்பவர்களுடையவை, சில இதய நோயாளிகளுடையவை. ஒரே வயதுக்காரர்கள் இருவரிடையே உச்சத் துடிப்பு பத்துப் பன்னிரண்டு வித்தியாசப்படுவது சர்வ சாதாரணம். இருபது வித்தியாசப்பட்டாலும் அது நோயின் அடையாளம் அல்ல. 40 வயதுக்காரருக்குச் சூத்திரம் 180 என்கிறது. நிஜத்தில் அது 162 ஆகவும் இருக்கலாம், 198 ஆகவும் இருக்கலாம். 2001-ல் தனாகாவும் அவர் சகாக்களும் 208-லிருந்து வயதில் பத்தில் ஏழு பங்கைக் கழிக்கச் சொன்னார்கள். சராசரி திருந்தியது. தனி ஆள் விஷயத்தில் தள்ளாட்டம் அப்படியே நிற்கிறது.

உத்தேசமாகச் சொன்னது மேற்கோளாகி, மேற்கோள் விதியாகி, விதி கடிகாரத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. விமர்சன சரித்திரம் தெரிந்தவனுக்கு இதில் ஆச்சரியம் இல்லை. ஹாம்லெட் பற்றி 1919-ல் எழுதிய கட்டுரையில் எலியட் போகிற போக்கில் பிரயோகித்த ஒரு தொடர் எத்தனை தலைமுறை ஆங்கில இலக்கிய மாணவர்களின் விடைத்தாள்களை ஆண்டது! பி.ஏ. பரீட்சையில் நானும் அதை எழுதி மார்க் வாங்கியவன்தான். தம் தொடர்கள் சிலவற்றுக்குக் கிடைத்த வெற்றி சங்கடமாக இருக்கிறது என்று 1956-ல் எலியட் சொன்னார். தம் கோட்டை ஜனங்கள் வேதமாக எடுத்துக்கொண்டது ஹாஸ்கெலுக்கு வேடிக்கையாக இருந்ததாம். கர்த்தாக்கள் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். விசுவாசிகள்தான் மூச்சு வாங்குகிறார்கள்.

எண்ணுவதே பாவம் என்று சொல்ல வரவில்லை. ஜெர்மனியில் வோல்டெமார் கெர்ஷ்லர் என்ற பயிற்சியாளரும் ஹான்ஸ் ரைண்டெல் என்ற இதய மருத்துவரும் நாடித் துடிப்பை எண்ணி எண்ணியே ஒரு பயிற்சி முறையை உருவாக்கினார்கள். சிறிது தூரம் வேகமாக ஓடித் துடிப்பு 180-ஐ எட்ட வேண்டும், பிறகு ஓய்வு. ஒன்றரை நிமிஷத்துக்குள் அது 120-க்கு இறங்காவிட்டால் ஓடியது அதிகம் என்று அர்த்தம். இதயம் வலுப்பெறுவது ஓடும்போது அல்ல, அடங்கும் அந்த நேரத்தில் என்பது அவர்கள் கண்டுபிடிப்பு. அந்தப் பயிற்சிக்குப் பெயரே இடைவெளியிலிருந்து வந்ததுதான். கெர்ஷ்லரிடம் பயின்ற ருடால்ஃப் ஹார்பிக் 1939-ல் மிலானில் 800 மீட்டரை 1 நிமிஷம் 46.6 விநாடியில் ஓடினார். அந்தச் சாதனை 16 வருஷம் நின்றது. 180, 120 என்பவையும் எல்லோருக்கும் பொதுவாகப் போட்ட எண்கள்தானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அங்கே எண், இந்த மனிதனிடம் இன்று கேட்கப்படும் ஒரு கேள்வியாக இருந்தது. உன் வயதுக்கு நீ இவ்வளவுதான் என்று முன்கூட்டியே எழுதிவைத்த தீர்ப்பாக இருக்கவில்லை.

இதற்கு நேர் எதிர்க்கோடியில் நியூஸிலாந்தின் ஆர்தர் லிடியார்ட். ஆக்லாந்தில் செருப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். வாரம் 100 மைல் என்பதைத் தம் உடம்பிலேயே சோதித்துப் பார்த்துக் கண்டுகொண்டார். 800 மீட்டர் ஓடும் பீட்டர் ஸ்நெல்லையும் ஞாயிறுதோறும் மலைப் பாதையில் 22 மைல் ஓடவைத்தார். 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஸ்நெல்லும் மர்ரே ஹால்பர்கும் ஒரே நாள் மாலையில் தங்கம் வாங்கினார்கள். இந்த ஓட்டங்களில் அளவுகோல் என்ன? பக்கத்தில் ஓடுகிறவனோடு பேச முடிகிறதா என்பதுதான். பேச்சு அறுந்தால் வேகம் அதிகம். கருவி ஒரு சிநேகிதன்.

அந்த சிநேகிதனின் இடத்தில் இப்போது இருப்பது ஃபின்லாந்திலிருந்து வந்த சரக்கு. 1977-ல் போலார் கம்பெனியை ஸ்தாபித்த செப்போ சய்னயகங்காஸ், பனிச்சறுக்கு வீரர்களுக்காக நெஞ்சில் கட்டும் பட்டையும் மணிக்கட்டில் கடிகாரமுமாகக் கம்பியில்லா இதயமானியை 1982 வாக்கில் சந்தைக்குக் கொண்டுவந்தார். இப்போது பட்டைகூட வேண்டாம். கடிகாரத்தின் அடியில் பச்சை விளக்கு தோலுக்குள் ஒளியைப் பாய்ச்சி ரத்தம் ஏறி இறங்குவதைப் படித்துக்கொள்கிறது. படிக்கிறது என்றுதானே சொல்கிறோம். படிப்பில் பிழையும் வரும். போன வருஷம் பெசன்ட் நகர் கடற்கரைச் சாலையில் என் கடிகாரம் 178 என்று காட்டியது. பயந்துபோய் நின்றேன். கழுத்தில் இரண்டு விரல் வைத்து 15 விநாடி எண்ணினால் 37. அதாவது 148. வார் தளர்ந்திருந்தால் கருவி நாடியை விட்டுவிட்டுக் காலடியை எண்ண ஆரம்பித்துவிடும் என்று பிறகு தெரிந்துகொண்டேன். என் காலடி நிமிஷத்துக்கு 178. இரண்டு வாரம் கலவரப்பட்டது என் காலைப் பார்த்துத்தான். அது போகட்டும், அந்த 148-க்காவது என்ன அர்த்தம்? மே மாத வெக்கையில் வியர்வை கொட்டக் கொட்ட ரத்தத்தின் கன அளவு குறைகிறது. அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாக அடித்தாக வேண்டும். டிசம்பர் மாத 148 வேறு, மே மாத 148 வேறு.

நாடியை எண்ணாமல் படித்த ஒரு மரபு நம்மிடம் இருந்தது. சித்த வைத்திய நூல்கள் வாத நாடி அன்னம், கோழி, மயில் போல நடக்கும் என்கின்றன. பித்த நாடி ஆமை, அட்டை போல. ஐய நாடி தவளை, பாம்பு போல. மருத்துவமாக இது எவ்வளவு தேறும் என்பது வேறு விஷயம். நிதானமான ஓட்டத்தில் நான் உணர்வது நிச்சயமாக மயில் அல்ல என்பதையும் பதிவு செய்துவிடுகிறேன். ஆனால் துடிப்பை ஒரு நடையாகக் கேட்டவர்கள், அதற்கு உவமை தேடியவர்கள், அனுபவத்தின் பக்கம் நின்றவர்கள். விசித்திரம் என்னவென்றால் ஸ்வீடன் தேசத்து உளவியலாளர் குன்னர் போர்க்கும் கடைசியில் வார்த்தைகளிடம்தான் வந்து சேர்ந்தார். 6 முதல் 20 வரை அவர் போட்ட அளவுகோலில் 9 மிக லேசு, 13 ஓரளவு கஷ்டம், 15 கஷ்டம், 17 மிகக் கஷ்டம். ஓடுகிறவன் தனக்குப் பொருந்தும் வார்த்தையைச் சொல்ல வேண்டும். அதன் எண்ணைப் பத்தால் பெருக்கினால் ஆரோக்கியமான இளைஞனின் துடிப்புக்குப் பக்கத்தில் வரும். பெயரடைகளை நம்பி நடக்கும் விஞ்ஞானம் இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

புத்தகங்களுக்கு வருகிறேன். ஆலன் சில்லிட்டோவின் நீண்ட தூர ஓட்டக்காரன் கதை (1959) இந்த வகையில் இன்னும் மிஞ்சப்படாதது. சீர்திருத்தப் பள்ளிப் பையன் ஸ்மித் விடியற்காலைப் பனியில் தனியே ஓடும்போது அவன் மனம் அவனுடையது. கோப்பை கவர்னருடையது. கடைசியில் எல்லைக் கோட்டுக்கு முன்னால் வேண்டுமென்றே நின்று தோற்கிறான். இன்று கவர்னரை நாமே காசு கொடுத்து வாங்கி மணிக்கட்டில் கட்டிக்கொள்கிறோம். முரகாமியின் ஓட்டப் புத்தகத்தைப் (2007) பலர் சிலாகிக்கிறார்கள். எனக்கு அதில் பாதி, சுத்தமான கையெழுத்தில் எழுதிய கணக்கு நோட்டாகத்தான் படுகிறது. ஆனால் 1996-ல் ஹொக்கைடோவில் 100 கிலோமீட்டர் ஓடியதைச் சொல்லும் இடம் உண்மையானது. பாதிக்கு மேல் தாங்க முடியாமல் போக, தான் மனிதன் அல்ல இயந்திரம் என்று தனக்குத்தானே சொல்லிச் சொல்லி ஓடி முடித்துவிடுகிறார். அதற்குப் பின் வெகு காலம் ஓட்டத்தில் ருசி விட்டுப்போகிறது. கருவி எதுவும் இல்லாமலேயே ஒருவன் தன்னைக் கருவியாக்கிக்கொள்ள முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சியம் எனக்குத் தெரியாது. ஜார்ஜ் ஷீஹன் (1978) தொழிலால் இதய மருத்துவர். எண்களை ஒதுக்கிவிட்டு உடம்பு சொல்வதைக் கேள் என்றவர். மேற்கோள் மூட்டை கொஞ்சம் கனம்.

உடம்பு சொல்வதைக் கேள் என்பதை நானும் நம்பியிருந்தேன், ஜிம் ஃபிக்ஸின் கதையைத் தெரிந்துகொள்ளும் வரை. அவருடைய தகப்பனாருக்கு 35 வயதில் மாரடைப்பு, 43-ல் மரணம். ஃபிக்ஸ் அதே 35-ல், 1967-ல், நூறு கிலோவை நெருங்கிய உடம்போடு ஓட ஆரம்பித்தார். சிகரெட்டை விட்டார், இளைத்தார். 1977-ல் அவர் எழுதிய புத்தகம் லட்சக்கணக்கில் விற்றது. அந்தக் காலத்தில் பாஸ்லர் என்ற கலிஃபோர்னியா டாக்டர், மாரத்தானை 4 மணி நேரத்துக்குள் முடிப்பவனுக்கு இதய ரத்தக் குழாய் அடைப்பால் சாவில்லை என்று பிரசாரம் செய்துவந்தார். அதுவும் ஓர் எண். 1984 ஜூலை 20 அன்று வெர்மான்ட்டில் ஒரு சாலையோரம் ஓடப் போன ஃபிக்ஸ் இறந்து கிடந்தார். வயது 52. மூன்று குழாய்களில் அடைப்பு. ஒன்றில் 95 சதவீதம். அதற்குச் சில மாதங்களுக்கு முன் டாலஸில் தம் மையத்துக்கு வந்திருந்தபோது டிரெட்மில் சோதனைக்கு அழைத்தும் அவர் மறுத்துவிட்டதாக டாக்டர் கென்னத் கூப்பர் பிறகு எழுதினார்.

ஓட்டம் ஆளைக் கொல்லும் என்று ஒரு கூட்டம் சிரித்தது. ஓடாமல் இருந்திருந்தால் முன்னமே போயிருப்பார் என்று இன்னொரு கூட்டம் சமாதானம் சொன்னது. இரண்டாவது உண்மையாகவே இருக்கலாம். என்னைத் தொந்தரவு செய்வது வேறு. பதினேழு வருஷம் தன் உடம்பையே படித்துவந்த ஒருவர், அது சொன்னதைக் கேட்காமல் விட்டாரா, அல்லது கேட்க விரும்பியதை மட்டும் கேட்டாரா? எண்ணை வேதமாக எடுத்துக்கொள்கிறவன் ஏமாறுகிற மாதிரியே தன் உள்ளுணர்வை வேதமாக எடுத்துக்கொள்கிறவனும் ஏமாறுகிறான். பிரதியில் தனக்குப் பிடித்ததை மட்டும் படிக்கும் ரசிகர் யாருக்கும் இது புரியும். என் தகப்பனாரும் 52-ல் போனவர். ஓடியவர் அல்ல, பஸ்ஸுக்குக்கூட ஓடமாட்டார். ஆகவே ஃபிக்ஸை நிதானமாக விமர்சிக்கும் யோக்யதை எனக்குக் கிடையாது.

இந்த ஜனவரியில் டிரெட்மில் சோதனைக்குப் போனேன். மூன்று நிமிஷத்துக்கு ஒரு தரம் வேகமும் ஏற்றமும் கூடிக்கொண்டே போகும். எவ்வளவு தூரம் கூட்டுவீர்கள் என்று கேட்டேன். 220-லிருந்து உங்கள் வயது 38 போக 182, அதில் 85 சதவீதம் 155, அதைத் தொட்டால் போதும் என்றார் அங்கிருந்த பெண். சுவரில் போர்க்கின் அட்டை மாட்டியிருந்தது. மூன்றாவது கட்டம் முடியும் சமயம், திரையில் 151, சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. “எப்படி இருக்கு சார், சொல்லுங்க” என்றார். அட்டையைப் பார்த்தேன். ஓரளவு கஷ்டமா, கஷ்டமா என்று தேர்ந்து சொல்ல எனக்கு மூச்சும் இல்லை, சொல்லும் இல்லை. “பரவாயில்லை” என்றேன். அட்டையில் அந்த வார்த்தை கிடையாது. அவர் என் முகத்தை ஒரு கணம் பார்த்துவிட்டு 13 என்று குறித்துக்கொண்டார். நான் 15 என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.